பாலில் ஆறாத புண்

? மகனுக்கு 19 வயது. ‘அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்’ என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அல்சர்தானே என்று தினமும் மூன்று டம்ளர் பால் கொடுக்கிறேன். குறையவில்லை, கூடுகிறது.
– ஒரு தாய், தாராவி

பாலை நிறுத்திப் பாருங்கள் அம்மா. பெயரில்தான் அல்சர். இது இரைப்பைப் புண் அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பெருங்குடலின் உள்சுவரைப் புண்ணாக்குகிற நோய். நம்மில் பலருக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் சரியாகச் செரிப்பதில்லை. குடல் ரணமாகக் கிடக்கும்போது அது வயிற்றை உப்பவைத்து மோஷனைக் கூட்டும். தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்கின்றன. பிள்ளைக்கு எது சேருகிறது, எது சேரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டருக்கும் அது உதவும்.

? என் காரக்குழம்பால்தான் அவருக்கு இந்த வியாதி என்கிறார் மாமியார்.
– செம்பூர் வாசகி

இல்லை. பரம்பரைக் கூறு, குடல் நுண்ணுயிர்கள், வாழும் சூழல் எல்லாம் சேர்ந்து கிளப்புகிற நோய் இது. ஒரு குழம்பால் வராது. வந்த பிறகு காரம் எரிச்சலைக் கூட்டலாம், அவ்வளவுதான். இந்தப் பக்கத்தை மாமியாரிடம் கொடுங்கள்.

? மாட்டுங்காவில் வளர்ந்தவன். இட்லி, சாம்பார், ஃபில்டர் காபி... எல்லாம் போச்சா?

இட்லி போகவில்லை. தோல் நீக்கிய உளுந்து, அரிசி, புளித்த மாவு, ஆவியில் வெந்தது: நோய் கிளம்பிய நாளிலும் பலர் தாங்குகிற சாப்பாடு. சாம்பாரில் முருங்கைக்காயை ஒதுக்குங்கள். காபி குடலை முடுக்கும். அடங்கும் வரை வேண்டாம், பிறகு அரை டம்ளரில் தொடங்குங்கள். கஃபே மெட்ராஸ் 1940-லிருந்து கிங்ஸ் சர்க்கிளில் இருக்கிறது. தேறியதும் போய்க்கொள்ளலாம்.

? ‘நார்ச்சத்து சாப்பிடு’ என்கின்றன பத்திரிகைகள். ‘சாப்பிடாதே’ என்கிறார் டாக்டர்.

இரண்டும் சரி, வேளைதான் வேறு. நோய் கிளம்பியிருக்கும்போது குழைந்த சாதம், தோல் சீவி வேகவைத்து மசித்த கேரட், பூசணி, அவித்த முட்டை, ஆவியில் வெந்த மீன். அடங்கியதும் காய்கறிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பயந்து ஆயுளுக்கும் ஒதுக்குவதும் தவறு. ஒரு விலக்கு: இதன் உறவான க்ரோன்ஸ் என்ற குடல் நோயில் குடல் சுருங்கியிருக்கிறது என்று ஸ்கேன் சொன்னால் வாழைத்தண்டு, முருங்கைக்காய், சோளம், கீரைத்தண்டு கூடாது. அடைத்துக்கொண்டால் ஆபரேஷன் வரை போகும்.

? ஒரு மண்டலம் பத்தியம் இருந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமாமே?

நிறுத்தாதீர்கள். அதிலும் வாரக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. சாப்பாடு உடம்பைத் தாங்கும், மருந்துதான் புண்ணை ஆற்றும்.

? ஒரு டாக்டர் க்ரோன்ஸ் என்கிறார், இன்னொருவர் குடல் டி.பி. என்கிறார். யாரை நம்புவது?
– தாராவி வாசகர்

இரண்டு பேருமே தடுமாறக்கூடிய இடம் இது. நியூயார்க்கில் க்ரோனும் அவரது சகாக்களும் 1932-ல் இந்த நோயைத் தனியாகப் பிரித்து எழுதும் முன், இத்தகைய குடல்கள் பல டி.பி. என்றே எண்ணப்பட்டன. இரண்டும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் அதே இடத்தைப் பிடிக்கும். அதே வலி, அதே எடைக்குறைவு. நெருக்கமான வீடுகளில் டி.பி. மலிந்த நம் நகரத்தில் இந்தச் சந்தேகத்தை யாரும் தள்ளக்கூடாது. டி.பி.யை க்ரோன்ஸ் என்று நினைத்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் டி.பி. உடம்பெங்கும் பரவக்கூடும். கொலனோஸ்கோபியில் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தும் தெளியாவிட்டால், முதலில் டி.பி. மருந்து கொடுத்து, இரண்டு மூன்று மாதத்தில் புண் ஆறுகிறதா என்று மறுபடி பார்ப்பார்கள். அந்த இரண்டாவது கொலனோஸ்கோபியைத் தட்டிக்கழிக்காதீர்கள். டி.பி.தான் என்றால் மருந்து இலவசம். நல்ல சாப்பாட்டுக்காக மத்திய அரசு மாதம் 500 ரூபாய் தந்தது, 2024 நவம்பரிலிருந்து அது 1,000.

? ஆபீஸில் சொன்னால் வேலை போய்விடுமோ?

ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேவுக்கு இருந்ததும் இதே பெருங்குடல் நோய்தான். 2007-லும் 2020-லும் அதனால் பதவி விலகியதாக வெளிப்படையாகவே சொன்னார். நடுவில் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் நாட்டை ஆண்டார். மேலாளரிடம் சொல்லுங்கள், கழிவறைக்குப் பக்கத்து நாற்காலியைக் கேளுங்கள்.

? ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போக வேண்டியிருக்கிறது. பொதுக் கழிப்பறையில் வரிசை. அதற்குப் பயந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டேன்.
– தாராவி வாசகி

சாப்பிடுங்கள் தங்கச்சி. பட்டினியில் புண் ஆறாது. எடையும் ரத்தமும்தான் குறையும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை, இடையிடையே உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர். எட்டுத் தடவையும் ரத்தத்தோடு போகிறது, காய்ச்சலோ படபடப்போ இருக்கிறது என்றால் நாளைக்கு என்று வைக்காமல் இன்றே சயான் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த வரிசையில் நிற்கும் மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தால் காரணம் கேட்காதீர்கள். முன்னால் விடுங்கள்.