வெறுந்தட்டு திரும்பாமைக் கோட்பாடு: பாளையங்கோட்டை வட்டாரக் கிறிஸ்துமஸ் பலகாரப் போக்குவரத்து குறித்த ஆய்வு

டிசம்பர் 25 காலை ஒன்பது மணிக்கு மேல் பாளையங்கோட்டைத் தெருக்களில் எதிர்ப்படும் பிள்ளைகளைக் கவனித்தால் மூன்று பொருள்கள் புலப்படும். கையில் தட்டு, தட்டின் மேல் பூவேலை செய்த துணி, முகத்தில் அலுப்பு. துணியைப் பற்றித் தையல் டீச்சர்கள் நிறையப் பேசியாயிற்று. அலுப்பைப் பற்றிப் பெற்றோர் பேசுகிறார்கள். தட்டைத்தான் கல்வியுலகம் இதுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1826-இல் மிஷனரி ரேனியஸ் காலத்தில் எழுந்த ஊசிக்கோபுர ஆலயத்துக்கு வரலாறு உண்டு. அதே கோபுரத்து நிழலில் நடமாடும் எவர்சில்வர் தட்டுக்கு ஒரு வரி கிடையாது. திருநெல்வேலிச் சீமையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்த கால்டுவெல்லும் 1856-இல் மொழிகளை ஒப்பிட்டு நூல் போட்டாரே தவிர, தட்டுகளை ஒப்பிடவில்லை. எவர்சில்வர் அப்போது கிடையாது என்பதால் அவரை மன்னித்து மேலே செல்வோம்.

இத்துறைக்கு முன்னோடி என்று சொல்லத்தக்கவர் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி. நியூ கினியாத் தீவுக்குக் கிழக்கே கிடக்கும் தீவுகளில் ‘குலா’ என்றொரு பரிமாற்றம் நடப்பதை 1922-இல் வெளிவந்த தம் நூலில் அவர் விவரித்தார். சிவப்புச் சிப்பி மாலைகள் ஒரு திசையில் தீவு தீவாகப் போகும். வெண்சிப்பிக் காப்புகள் எதிர்த்திசையில் வரும். யாரும் எதையும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை, பெரும்பாலும் அணிவதுமில்லை. ஆனாலும் கடலில் உயிரைப் பணயம் வைத்துக் ஓடம் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார்கள். மேலைநாட்டறிஞர்கள் இதைக் கண்டு வியந்தார்கள். தீபாவளிக்கு வடக்கிலிருந்து தெற்கே போன தட்டு, கிறிஸ்துமஸுக்குத் தெற்கிலிருந்து வடக்கே திரும்புவதை ஆண்டுதோறும் பார்க்கும் நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. மாலினோவ்ஸ்கி கொஞ்சம் மேற்கே தள்ளி, தாமிரபரணிக் கரையில் இறங்கியிருந்தால் கடற்பயணச் செலவு மிஞ்சியிருக்கும். சாப்பாடும் நன்றாக இருந்திருக்கும்.

இனித் தட்டின் உள்ளடுக்கு. தரையடுக்கில் கலகலா இருக்கும். மைதாவை இனிப்புச் சேர்த்துப் பிசைந்து, புதுச் சீப்பின் பல்லில் வைத்துச் சுருட்டி எடுத்துப் பொரிப்பது. சீப்புக்குப் பொறுமையில்லாத வீடுகளில் கத்தியால் சாய்சதுரமாக வெட்டிவிடுவார்கள். இது உடையாது, வாரக்கணக்கில் கெடாது, எந்த இண்டு இடுக்கையும் நிரப்பும். ஆகவே தட்டை நிறைந்ததாகக் காட்டும் பொறுப்பு இதனுடையது. அதன்மேல் முந்திரிக்கொத்து. பாசிப்பயற்றை வறுத்துப் பொடித்து, பாகும் தேங்காயும் எள்ளும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டிக்கொள்ளும்படி எண்ணெயில் விட்டு எடுக்க வேண்டும். தட்டுக்குக் கனம் தருவது இதுதான். நாகர்கோவிலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் உள்ள வீட்டில் இது தாராளமாகவும் மற்ற வீடுகளில் எண்ணியும் வைக்கப்படும்.

உச்சியில் அச்சு முறுக்கு. தொட்டால் நொறுங்குவதால் அதற்கு எப்போதும் மேல் இடம். இதன் தொழில்நுட்பத்தை இங்கே சற்று நின்று கவனிப்பது தகும். அச்சை முதலில் கொதிக்கும் எண்ணெயிலேயே கிடத்திச் சூடேற்ற வேண்டும். பிறகு மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். ஒரு நூல் கூடுதலாக முங்கி, மாவு அச்சின் முதுகில் ஏறிவிட்டால் முறுக்கு கழன்று விழாது. அச்சும் மாவும் ஒன்றாகி எண்ணெயில் கருகும். முதல் இரண்டு மூன்று எப்படியும் ஒட்டும். ஒட்டியதைக் கம்பியால் சுரண்டித் தின்பதற்கென்றே அடுப்படியில் ஒரு கூட்டம் குந்தியிருக்கும். குடும்பமாகக் கூடிக் கொண்டாடுவது என்று வாழ்த்து அட்டைகளில் அச்சடித்திருக்கிறார்களே, அதன் செயல்வடிவம் பெரும்பாலும் இதுதான்.

கேக் தனித்த ஆராய்ச்சிக்குரியது. பலகாரங்கள் வீட்டில் செய்யப்பட, கேக் மட்டும் பேக்கரியிலிருந்து வரும். அது துண்டாகவே தட்டில் ஏறும். துண்டின் தடிமன் உறவின் நெருக்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது இவ்வாய்வாளரின் முதல் கண்டுபிடிப்பு. நெருங்கிய வீட்டுக்கு விரல் தடிமன். தெருமுனை வீட்டுக்கு அதன் வழியாகப் பேப்பர் படிக்கலாம்.

இங்கே முட்டை குறுக்கிடுகிறது. கேக் போகும் வீடுகளில் சில சைவ வீடுகள். இதற்கு இவ்வட்டாரம் கண்ட தீர்வு நேர்த்தியானது. அச்சு முறுக்குக்கு மாவு கரைத்ததும் சைவ வீட்டுக்கான ஈட்டை முதலில் சுட்டு எடுத்துத் தனியே மூடி வைத்துவிடுவார்கள். முட்டை உடைப்பது அதற்கப்புறம்தான். கேக்குக்கு முட்டையில்லாதது ஒன்று சின்னதாக வாங்கப்படும். வாசலில் நடக்கும் உரையாடலோ ஆண்டுதோறும் எழுத்துப் பிசகாமல் ஒன்றே.

“யக்கா, இதுல முட்டை கெடையாது. ஒங்க வீட்டுக்குன்னே தனியா வாங்குனது.”

“என்னத்துக்கும்மா இம்புட்டு மெனக்கெடுத? நாங்க என்ன வேத்து ஆளா?”

இந்த உரையாடல் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த யக்காவின் இளைய மகன், கொடுக்கிற வீட்டு அடுக்களையில் நின்று அசல் கேக்கில் இரண்டாவது துண்டை முடித்துக்கொண்டிருப்பான். இரண்டு வீட்டுக்கும் இது தெரியும். ஆய்வு நெறி கருதி இதற்கு மேல் எழுதவில்லை.

தட்டு போய்ச் சேர்ந்த பின்தான் கோட்பாடு தொடங்குகிறது. தட்டு வெறுமனே திரும்பக் கூடாது. பிரெஞ்சு அறிஞர் மோஸ் 1925-இல் கொடுத்தல், வாங்கல், பதிலுக்குக் கொடுத்தல் என்று மூன்று கடமைகளை வகுத்தார். நம் ஆச்சிகள் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டார்கள்: “வெறும் தட்டக் குடுக்காத, கொஞ்சம் சீனியாவது போடு.” ஆனால் எப்போது போடுவது என்பதில் அறிஞருலகம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. உடன்திரும்பல் மரபினர் தட்டைக் கொண்டுவந்த பிள்ளையை நிற்கவைத்து, பலகாரத்தைச் சம்படத்தில் கொட்டிக்கொண்டு, அங்கேயே சீனியோ இரண்டு வாழைப்பழமோ வைத்து அனுப்பிவிடுவார்கள். காத்திருப்பு மரபினர் தட்டைக் கழுவி அலமாரியில் ஏற்றிப் பொங்கல் வரை வைத்திருப்பார்கள். பொங்கலன்று அது கரும்புத் துண்டு, பனங்கிழங்கு, சர்க்கரைப் பொங்கல் சகிதம் புறப்படும்.

இவ்வாய்வாளர் காத்திருப்பு மரபின் பக்கம். உடனே திருப்புவதில் கணக்கை முடித்துக்கொள்ளும் அவசரம் தெரிகிறது. கணக்கு நிலுவையில் இருக்கும்வரைதான் ஒரு வீடு இன்னொரு வீட்டை நினைத்துக்கொண்டிருக்கும். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடையே ஆறு வாரத்திலிருந்து பத்து வாரம் வரை இருக்கிறது, அங்கிருந்து பொங்கலுக்கு மூன்று வாரம். ஐப்பசியில் பட்ட கடனை மார்கழியில் அடைத்து, மார்கழியில் கொடுத்த கடனைத் தையில் வாங்குகிறோம். இதைவிடப் பாதுகாப்பான வட்டிக்கடை எந்த ஊரிலும் இல்லை. அதே மார்கழியில்தான் கீதப் பவனி முடித்துத் தொண்டை கட்டிப்போன வாலிபர்கள், பஞ்சுத் தாடி நனைந்த கிறிஸ்துமஸ் தாத்தாவைத் தாங்கிக்கொண்டு விடியற்காலையில் வீடு திரும்புகிறார்கள். எதிர்வீட்டு அக்கா கோலத்தின் மேல் மிதிக்காமல் போகச் சொல்லிக் கத்துகிறாள். இவர்கள் கையில் தட்டு இல்லாததால் ஆய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்துகிறோம்.

நீண்ட கால நோக்கில் பார்த்தால் தட்டு தன் வீட்டுக்கே திரும்புகிறதா என்பது ஐயத்துக்குரியது. சான்று தட்டின் விளிம்பிலேயே இருக்கிறது. பாத்திரக் கடையில் ஊசிமுனை மெஷினை வைத்துப் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார்கள். தலைப்பெழுத்து, கல்யாணத் தேதி, ‘அன்பளிப்பு’ என்ற சொல். உங்கள் வீட்டுத் தட்டுகளைக் கவிழ்த்துப் படித்துப் பாருங்கள். குறைந்தது ஒன்றில் நீங்கள் கேள்விப்பட்டேயிராத யாரோ ஒருவரின் பெயரும், நீங்கள் போகாத கல்யாணத்தின் தேதியும் இருக்கும். அது எப்படி வந்தது என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது, திருப்பிக் கொடுக்கவும் மனம் வராது. உங்கள் தட்டு அதேபோல் எங்கோ ஓர் அடுக்களையில் அப்பளம் தாங்கிக்கொண்டிருக்கிறது. மொத்தத்தில் ஊருக்கு நட்டமில்லை.

நட்டம் என்றதும் பொருளியலார் வந்துவிடுவார்கள். வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கர் 1993-இல் யேல் மாணவர்களிடம் கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். கிறிஸ்துமஸ் பரிசுக்குக் கொடுத்தவர் செலவழித்த பணத்தில் பத்து சதவீதம் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீண், ஏனெனில் வாங்கியவர் அதற்கு அவ்வளவு மதிப்புத் தருவதில்லை என்றார். ரொக்கமாகக் கொடுத்தால் இழப்பில்லை என்பது அதன் சாரம். இதை நம் ஊரில் பரிசோதிப்பது எளிது. இந்தக் கிறிஸ்துமஸுக்குத் தட்டில் முந்திரிக்கொத்துக்குப் பதில் நூற்றைம்பது ரூபாயை வைத்து, மேலே துணி போட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். பொங்கலுக்குள் வீடு மாற்ற வேண்டியிருக்கும்.

கோட்பாட்டுக்கு உண்மையான ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. அது மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா. “டப்பா திருப்பித் தர வேண்டாம், நீங்களே வச்சுக்கோங்க” என்ற வாக்கியத்தைப் பெருந்தன்மை என்று நினைத்துச் சொல்கிறார்கள். திரும்ப வேண்டிய பாத்திரம் இல்லையென்றால் சீனி இல்லை, வாழைப்பழம் இல்லை, பனங்கிழங்கும் இல்லை; வாசலில் பத்து நிமிடம் நின்று மருமகளைப் பற்றிப் பேச முகாந்திரமும் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை விதித்தபோது, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. சுற்றுச்சூழலுக்காகச் செய்ததாகச் சொன்னார்கள். இத்துறையின் சார்பில் நன்றி. டப்பா மட்டும் எப்படியோ தப்பிவிட்டது.

இறுதியாக ஒரு முன்கணிப்பு. இதுவரை சொன்ன சுழற்சியில் தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் மூன்றும் ஏறக்குறைய நிலையானவை. மேலப்பாளையத்திலிருந்து வரும் நோன்புப் பெருநாள் தூக்குச்சட்டி அப்படியல்ல. பிறைக் கணக்கில் அது ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னகரும். முழுச் சுற்று முடிய ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டு பிடிக்கும். 2000-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நோன்பு மாதத்துக்குள் விழுந்து, பெருநாள் மூன்று நாள் கழித்து வந்தது. பகலில் போன கேக் நோன்பு திறக்கும் வரை மூடியே இருக்க வேண்டிய காலம் அது. 2030-இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக நோன்பு ஒரே ஆண்டில் இருமுறை தொடங்கும். 2033-இல் பெருநாள் டிசம்பர் 23-ஐ ஒட்டி வரும். பிரியாணிச் சட்டி கிழக்கே வருகிற அதே இரண்டு மூன்று நாளில் கேக் தட்டு மேற்கே புறப்படும். பிறை ஒரு நாள் தள்ளித் தெரிந்தால் இரண்டும் ஆற்றுவாய்க்கால் பக்கம் வழியிலேயே சந்தித்துக்கொள்ளவும் கூடும். அவ்வாண்டு தீபாவளி அக்டோபரிலேயே முடிந்துவிடுவதால், காத்திருப்பு மரபினரின் அலமாரியில் அந்தத் தட்டுகள் வேறு அடைந்து கிடக்கும். பாளையங்கோட்டையில் அந்த வாரம் காலித் தட்டு கிடைப்பது கடினம். நான்கைந்து இப்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பெயர் வெட்ட வேண்டாம்.