ஆயர் வீட்டுக் கதவு

துறவியாக இருந்த மார்ட்டின் லூதர் கல்யாணம் செய்துகொண்டது கொள்கைக்காகவா, சமையலுக்காகவா?

கல்யாணத்துக்கு முன் ஒரு வருடம் படுக்கையைத் தட்டிப் போடக்கூட ஆளில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். 1525-ல் முன்னாள் கன்னியாஸ்திரீ கத்தரினா வந்தார். பன்றி வளர்த்தார், பீர் காய்ச்சினார், மாணவர்களுக்குச் சாப்பாடு போட்டு வீட்டை நடத்தினார். வக்கீல் இல்லாமல் லூதர் எழுதிய உயில், 1546-ல் அவர் இறந்ததும் சட்டச் சிக்கலில் மாட்டியது. போரில் நிலமும் பாழாகி, அந்த அம்மா பட்ட பாடு கொஞ்சமல்ல. பாதிரியார் மனைவிக்கு வயதான காலத்தில் வீடு எது என்று எந்தச் சபையும் இன்றே கேட்கலாம்.

கடவுளே துணை இருக்கும்போது போதகருக்கு மனச்சோர்வு வரலாமா?

தீர்க்கதரிசி எலியாவுக்கே வந்ததே! சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவரை தேவதூதன் கண்டிக்கவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்க விட்டான்.

லண்டனில் 1856-ல் போதகர் ஸ்பர்ஜன் பிரசங்கித்த மண்டபத்தில் யாரோ ‘தீ’ என்று பொய்க்கூச்சல் போட, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அவருக்கு அப்போது வயது 22. அந்த வேதனை ஆறவே இல்லை. பின்னாளில் தன் மனச்சோர்வைப் பற்றி இறையியல் மாணவர்களிடம் ஒளிக்காமல் பேசினார். மருத்துவரிடம் போகும் போதகரை விசுவாசம் குறைந்தவர் என்பது பாவம்.

ஆயர் பிள்ளைகள்தான் சேட்டை அதிகமாமே?

நீட்சே, வான்கோ, ஏஞ்சலா மெர்கல் மூவரும் போதகர் வீட்டுப் பிள்ளைகள். இதில் எது சேட்டை? நம்மூரில் அப்பாவுக்கு இடமாற்றம் வரும்போதெல்லாம் புதுப் பள்ளி, புது வகுப்பு. சிநேகிதன் வீட்டுக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள், சேட்டை பாதி குறையும்.