இரும்புக் காசு மட்டும்

"கடையில இதுக்கு முப்பதாயிரம் கேக்கறான் நைனா. நமக்கு இரும்புக் காசு மட்டும்."

டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் சாமான் எதையும் கடையில் வாங்குவதில்லை என்று சபதம் எடுத்தவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கொல்லைக்காரரும் சொல்வார். பெயர் வேண்டாம், பட்டறை மாமா என்று வைத்துக்கொள்வோம்.

அந்த இரும்புக் காசு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. சேனல் இரும்பா? மூடிப்போன ரைஸ் மில்லில் சும்மா கிடந்தது. கமான் பட்டை? லாரிக்காரர் வேண்டியவர். வெல்டிங் ராடு என் வீட்டிலிருந்து போனது, ஆகவே செலவில் வராது. கட்டிங் வீல் தேய்ந்து தீர்ந்துவிட்டது. தீர்ந்துபோன பொருளுக்கு ஏது விலை? கரண்டு, ஆந்திராவில் 2004 முதல் விவசாயத்துக்கு இலவசம். போர் ஸ்டார்ட்டரிலிருந்தே வெல்டிங் மிஷினுக்கு ஒயர் இழுத்துவிடுவார். அவர் பற்றவைக்கும்போதெல்லாம் என் மோட்டார் முனகும். கூலி? "நம்ம கைதானே." பட்டறையே கதி என்று இருந்ததில் உழாமல் போன கொல்லை மழை இல்லாத கணக்கில் சேரும். கடைசியில் ஆயிரத்து எண்ணூறு என்று வந்து நிற்கும். அதிலும் நானூறு டீக்கு.

இதை எந்த ஊரில் உட்கார்ந்து சொல்கிறார்? காணிப்பாக்கத்தில். வாங்கிய கடனை இல்லை என்று சாதிக்கிறவனைக்கூட, கோயில் குளத்தில் முழுகி வரசித்தி விநாயகர் முன்னால் சத்தியம் பண்ணு என்றால் ஈரத்துணி காய்வதற்குள் உண்மையைக் கக்கிவிடுவான். சுற்றுப்பட்டு வழக்குகள் பல அங்கேதான் முடிகின்றன. மாமாவும் தினம் கோயில் வாசல் வழியாகத்தான் போகிறார், கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். கணக்கை மட்டும் உள்ளே எடுத்துப் போவதில்லை. ஒருநாள் அத்தையே, "வாங்க, முழுகிட்டு வந்து ஆயிரத்து எண்ணூறுன்னு சாமிகிட்ட சொல்லுங்க" என்றார். மாமாவுக்கு அன்றைக்குச் சளி.

கிணற்றுக்குள் இருக்கும் எங்கள் பிள்ளையார் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்பது ஐதீகம். முன்னொரு காலத்தில் சாத்திய வெள்ளிக் கவசம் இப்போது பொருந்தாது என்பார்கள். மாமாவின் பரம்புப் பலகையும் அப்படித்தான். கமான் பட்டை கெட்டி எஃகு. முன்சூடு காட்டாமல் சாதாரண ராடால் பற்றவைத்தால் ஆறும்போதே ஓரத்தில் விரிசல் விடும். விட்ட இடத்தில் ஒரு பட்டை வைப்பார். அந்தப் பட்டைக்குப் பக்கத்தில் விடும், அதன்மேல் இன்னொன்று. இன்றைக்கு அவருடைய இருபத்தைந்து ஹெச்பி வண்டியில் லிவரைத் தூக்கினால், பலகை தரையிலேயே இருக்க, முன் சக்கரம் எழும்புகிறது. அதற்கு ஈடாக வண்டியின் மூக்கில் பழைய ஆட்டுக்கல்லைக் கட்டினார். அதுவும் சும்மா கிடந்ததுதான்.

முன் சக்கரம் எழும்பி வண்டி மல்லாந்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணமாகத்தான் ஹாரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் சாமானை வண்டிக்குப் பின்னால் மாட்டும் இந்த மூன்று புள்ளி இணைப்பைக் கண்டுபிடித்தார். கலப்பை மண்ணில் மாட்டினால் கீழ்க்கைகள் இரண்டும் இழுபடும். மேலே டாப் லிங்க் வண்டியை முன்பக்கமாக அமுக்கும். 1938இல் ஹென்றி ஃபோர்டும் அவரும் கைகுலுக்கியதோடு கூட்டு சேர்ந்தார்கள், எழுத்தில் ஒன்றும் இல்லை. பிறகு முட்டிக்கொண்டு, வழக்கு 1952இல் 92.5 லட்சம் டாலரில் முடிந்தது. (இங்கே வந்திருந்தால் ஒரே முழுக்கில் முடிந்திருக்கும்.)

மாமாவின் வண்டிக்குக் கேட்டகரி 1 அளவு: கீழ்ப் பின்கள் இரண்டுக்கும் நடுவே 683 மில்லிமீட்டர், அவற்றிலிருந்து மேல் ஓட்டைக்கு 460. மாமா டேப்பைத் தொட்டதில்லை. மூன்று சாண், இரண்டு சாண். அவர் சாண் 23 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள். இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை வந்து தொலைக்கிறது. உடனே அவரே அதைக் கெடுப்பார்: கீழே 22 மில்லி பின் வரவேண்டிய இடத்தில் வீடு கட்டி மிஞ்சிய 20 மில்லி கம்பி. வண்டி வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே கடகடவென்று காதுக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் அவர் செய்த மல்லாட்டை பிடுங்கும் கத்தி நன்றாகவே வேலை செய்கிறது. கொடிக்கு அடியில் புகுந்து வேரை அறுத்து, மண்ணோடு தூக்கிப் போடுகிறது. நானே இரவல் வாங்குகிறேன்.

சிரிக்க முடியாதது ஒன்றுதான். தட்டு நறுக்கும் மிஷினுக்கு, டிராக்டரின் பின்னால் சுழலும் பி.டி.ஓ.விலிருந்து தண்டு கொடுத்திருக்கிறார். நிமிடத்துக்கு 540 சுற்று, நொடிக்கு ஒன்பது. மூடி கிடையாது. மாமா கட்டுவது வேட்டி. முனை சிக்கினால் லிவரை அணைக்கக் கை போவதற்குள் ஆளைச் சுருட்டிவிடும். பேரப்பிள்ளைகள் ஓடியாடுகிற களம் வேறு. வாங்கித் தொலையுங்கள் மாமா, கடையில் விற்கிறது என்று கத்திவிட்டேன். "கடையில..." என்று ஆரம்பித்தார்.

அத்தைதான் ஒருநாள் நீல டிரம் ஒன்றை நீளவாக்கில் அறுத்து, தண்டின்மேல் சுற்றாமல் நிற்கிற மாதிரி இரண்டு பக்கமும் கம்பி போட்டு இறுக்கினார்.

"நம்ம ஐடியாதான் நைனா" என்கிறார் மாமா. "செலவே இல்ல."

டிரம்மில் இருந்த விதை மல்லாட்டை இப்போது எங்கள் வீட்டு நடையில், கோணியில் இருக்கிறது. எலியும் வந்துவிட்டது.