எரிமலை வாய்க்குள்ளே நைட் ஷிப்ட்

உஷுவாயா, அர்ஜென்டினா.

அன்புள்ள அக்காவுக்கு,

எரிமலைக்குள் படகை நிறுத்தியிருந்தோம் என்று போனில் சொன்னதும் அம்மா வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டதாமே. யார் தலைக்கு என்று கேட்டுச் சொல். இந்தக் குளிரில் என் முடி எனக்கு வேண்டும்.

தீவின் பெயர் டிசெப்ஷன். அண்டார்டிக்கா ஓரம். இங்கிருந்து பாய்மரப் படகில் நாலைந்து நாள். எப்போதோ எரிமலை வெடித்து நடுப்பாகம் உள்ளே இறங்கி, ஒரு பக்கம் கடல் புகுந்துவிட்டது. ஏரிக்கரை உடைந்து, தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் உள்ளே வந்தால் எப்படியோ அப்படி. வெளியே அலை ஆளைப் புரட்டும். உள்ளே சாம்பார் தளும்பாது. அதனால்தான் எரிமலை என்று தெரிந்தே நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே போய் ஒதுங்குகிறார்கள்.

நெப்டியூன்ஸ் பெல்லோஸ் என்ற வாசல் வழியாக நுழையவேண்டும். நட்டநடுவில் 2.5 மீட்டர் ஆழத்தில் ராவ்ன் பாறை பதுங்கியிருக்கிறது. வலது பக்கக் குன்றை ஒட்டியே போகவேண்டும். கேப்டனுக்கு வியர்த்தது. ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டூவீலர் ஓட்டிய எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நெருப்பைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை, பேச்செல்லாம் காற்றும் நங்கூரமும்தான். அடித்தரை முழுக்கச் சாம்பலும் எரிந்த கல்தூளும். நங்கூரம் ஓரிடத்தில் கவ்வும், இன்னோரிடத்தில் உழுதுகொண்டே வரும். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஐம்பது மீட்டர் சங்கிலி விடுகிறோம். சங்கிலி தரையில் படுத்தால்தான் நங்கூரம் மண்ணுக்குள் இறங்கும். பிறகு எஞ்சினை ரிவர்ஸில் போட்டு இழுத்து, கரையில் உள்ள அடையாளங்கள் நகர்கின்றனவா என்று பார்ப்போம். எங்களுக்கு வாய்த்த அடையாளம், நார்வேக்காரர்கள் 1931-ல் மூடிய திமிங்கில எண்ணெய் ஆலையின் துருப்பிடித்த டாங்குகள். மூடின கம்பெனி எந்த நாட்டிலும் ஒரே களைதான். கேட்டில் செக்யூரிட்டிக்குப் பதில் பென்குயின் நிற்கிறது.

மலைச்சரிவிலிருந்து காற்று சொல்லாமல் இறங்கும். அதனால் ராத்திரி முறைபோட்டு நங்கூரக் காவல். நைட் ஷிப்டுதான், ஆனால் டிசம்பரில் இருட்டுவதே இல்லை. கேன்டீன் டீ கிடையாது, கம்பெனி பஸ்ஸும் வராது.

இந்தப் பத்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. கரை மணலிலிருந்து ஆவி வருகிறது, கந்தக நாற்றம் வேறு. கூனி இறால் தானாக வெந்து ஒதுங்குகிறது. 1967-லும் 1969-லும் வெடித்ததில் சிலிக்காரர், பிரிட்டிஷ்காரர் ஆய்வு நிலையங்கள் நாசமாயின. அதைக்கூடக் கேட்டுக்கொண்டேன். 1920-களில் ஒருமுறை தண்ணீர் கொதித்து, நின்ற கப்பல்களின் அடிப் பெயின்டே உரிந்ததாம். பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்தவனுக்கு வயிறு கலங்காதா?

உன் சின்னவன் எரிமலைக் கல் கேட்டானாமே, முடியாது. அண்டார்டிக்காவில் ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக்கூடாது. கரையில் எதையும் தின்னக்கூடாது. அம்மா சுட்ட முறுக்கைப் படகிலேயே முடித்தேன். ஷூவைக் கழுவித்தான் இறங்கவே விடுவார்கள். கல்தான் வேண்டுமென்றால், 2022-ல் தொல்லியல் துறை நம் ஊர்ப் பக்கம் வடக்குப்பட்டில் தோண்டியபோது கற்கருவிகள் கிடைத்தனவே, அவனை அந்தக் கதையைப் படிக்கச் சொல்.

உன் புளிக்காய்ச்சலைப் படகில் வந்த பிரெஞ்சுத் தம்பதி ரொட்டியில் தடவித் தின்றே தீர்த்துவிட்டார்கள். அடுத்த முறை இரண்டு பாட்டில் அனுப்பு. ஒன்றின்மேல் ‘இன்ஜின் கிரீஸ்’ என்று எழுதி ஒட்டிவிடு.

அன்புத் தம்பி.