உம்மாவின் குரலை மறைக்காத ஹெட்போன்

கேள்வி: கத்தாரிலிருந்து வாப்பா காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் அனுப்பியிருக்கிறார். போட்டதும் ஃபேன் சத்தம் மாயம். ஆனால் உம்மா கூப்பிடுவது மட்டும் கேட்கிறது. பழுதா?
– வாசகி, நிந்தவூர்

பதில்: பழுதில்லை மகள். வெளிச் சத்தத்தை மைக் பிடிக்கும். அதற்கு நேரெதிரான அலையை ஹெட்போன் உள்ளே விடும். இரண்டும் மோதி அடங்கும். ஃபேன், விமான இன்ஜின் மாதிரி ஒரே சீராக முழங்கும் தாழ்ந்த ஒலிகள்தான் இதில் வசமாகச் சிக்கும். உம்மாவின் குரலோ நொடிக்கு நொடி ஏறி இறங்குவது. அதை முழுதாக வெல்ல எந்தக் கம்பெனியாலும் முடியவில்லை, முடியவும் வேண்டாம்!

1978இல் விமானத்தில் இரைச்சல் பாட்டைக் கெடுத்தபோது இந்த யோசனையைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் அமர் போஸ்; வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்தவர். 1989இல் அது விமானிகளுக்கான ஹெட்செட்டாக விற்பனைக்கு வந்தது.

நம் கரையோரப் புழுக்கத்தில் காது வியர்க்கும்; கழற்றியதும் ஹெட்போனின் காது மெத்தையை உலர்ந்த துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் அதன் மேலுறை உரியும். சத்தத்தைப் பாதியில் வையுங்கள். 80 டெசிபலில் வாரம் 40 மணிநேரம்தான் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் எல்லை. மெயின் வீதியைக் கடக்கும்போது மட்டும் கழுத்தில் தொங்கட்டும். பஸ்காரர் அடிக்கும் ஹோர்ன் உங்களுக்குக் கேட்டே ஆக வேண்டும்.