மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் ஒரு மாகாணத்தை ஆள்வது எப்படி?

மாகாண சபை ஒன்றைத் தோற்றுவிப்பது பெரும்பாடு. போர் வேண்டும், ஒப்பந்தம் வேண்டும், அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும், அயல்நாட்டுப் படையும் வந்திறங்க வேண்டும். தோற்றுவித்த சபையை உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமல் நடத்துவது அப்படியல்ல. பழகிவிட்டால் மிகவும் இலகு. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி முடிந்ததிலிருந்து திருகோணமலையில் இந்த முறை நன்றாகப் பரீட்சித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. ஆட்சிப் பொறுப்புக்குப் புதிதாக வருவோரின் நன்மை கருதி அதைப் படிப்படியாகத் தருகிறோம்.

தேவையானவை

மாகாணம் ஒன்று. மூன்று மாவட்டங்களும் மூன்று சமூகங்களும் உள்ளதாக இருந்தால் சிறப்பு. யாருக்கு எத்தனை ஆசனம் என்ற கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். ஆளுநர் ஒருவர். பிரதம செயலாளர் ஒருவர். கதிரைகள் 37: திருகோணமலைக்கு 10, மட்டக்களப்புக்கு 11, அம்பாறைக்கு 14, வெற்றி பெற்ற கட்சிக்குப் போனஸ் இரண்டு. கதிரைகளைத் தூசி தட்டி வைத்தால் போதும், யாரும் உட்கார வேண்டியதில்லை. கடைசியாக, நிறையப் பொறுமை. அதை மக்களிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம்.

படி 1: தொடங்கும்போதே ஊராரைக் கேட்காதீர்கள்

அமெரிக்கர்கள் இந்த இடத்தில் வீணாகக் காலம் கடத்தினார்கள். 1787இல் பிலடெல்பியாவில் 12 மாநிலங்களிலிருந்து 55 பேர் கூடி, கோடைகாலம் முழுவதும் வாதாடி, கடைசியில் 39 பேர் அரசியலமைப்பில் கையெழுத்திட்டார்கள். அதோடாவது விட்டார்களா? மாநிலந்தோறும் பேரவை கூட்டி, 13இல் 9 சம்மதித்தால்தான் செல்லும் என்றார்கள். மக்களின் உரிமைகளைப் பற்றி ஒரு பட்டியலும் இல்லையே என்று பலர் முரண்டுபிடித்ததால், 1791இல் பத்துத் திருத்தங்களைச் சேர்க்கவேண்டியதாயிற்று.

இங்கே வேலை விரைவாக நடந்தது. 1987 யூலை 29ஆம் திகதி கொழும்பில் சனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார்கள். நவம்பர் 14ஆம் திகதி, மாகாண சபைகளைத் தோற்றுவிக்கும் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சட்டமானது. நடுவில் அந்தத் திருத்தம் பற்றி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் ஐவரும் நால்வருமாகப் பிரிந்து நின்றார்கள். ஐவர் பக்கம் வென்றது. திருகோணமலை மக்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்த் தாங்கிகளும் மறக்காமல் இடம்பிடித்தன.

இதிலுள்ள அனுகூலத்தைக் கவனியுங்கள். மாநிலங்கள் சேர்ந்து மத்திய அரசை உண்டாக்கினால், தாம் எழுதிக்கொடுக்காத அதிகாரம் எல்லாம் தம்மிடமும் மக்களிடமுமே இருக்கும் என்று நிபந்தனை போடும். அமெரிக்காவின் பத்தாவது திருத்தம் அதுதான். மத்திய அரசு மாகாணத்தை உண்டாக்கினால் நிபந்தனை போடும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

படி 2: அதிகாரத்தை மூன்று நிரல்களாக எழுதுங்கள்

மாகாண சபை நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல். முதலாவது மாகாணத்துக்கு, இரண்டாவது கொழும்புக்கு, மூன்றாவது இருவருக்கும், அதாவது கொழும்புக்கு. மாகாணத்தின் நிரலை நீளமாக எழுதுங்கள். நீளம் மனத்துக்கு ஆறுதல் தரும். பிறகு ஒதுக்கிய நிரலின் தலைப்பில், சகல விடயங்கள் மீதுமான தேசியக் கொள்கை மத்திக்கே உரியது என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். மாகாணத்துக்குக் கொடுத்த எந்த விடயத்தையும் தேசியக் கொள்கை என்ற பெயரில் திரும்ப எட்டிப்பிடிக்க அந்த ஒரு வரி போதும்.

துறைமுகமும் ஒதுக்கிய நிரலில்தான் இருக்கிறது. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றைக் கொண்ட நகரத்தில் சபையை வையுங்கள். துறைமுகத்தைப் பற்றிப் பேசும் அதிகாரத்தை மட்டும் கொடுக்காதீர்கள். 2022 ஜனவரியில் இங்குள்ள 99 எண்ணெய்த் தாங்கிகளில் 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் என்று பங்கிடப்பட்டபோது, கருத்துச் சொல்வதற்கு மாகாண சபையும் இருக்கவில்லை.

காணி, பொலிஸ் இரண்டையும் மாகாண சபை நிரலிலேயே எழுதிவையுங்கள். எழுதியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 3: ஆளுநரை அனுப்பிவையுங்கள்

154ஆ உறுப்புரையின்படி ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. சனாதிபதி விரும்பும்வரைதான் அவர் பதவியில் இருக்கலாம். மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் அவர் கையில். முதலமைச்சரும் நான்கு அமைச்சர்களும் அவருக்கு ஆலோசனை சொல்லவேண்டும் என்று அரசியலமைப்பு கூறுகிறது. சபை இல்லையென்றால் ஆலோசனைத் தொல்லையும் இல்லை.

பிரித்தானிய மன்னர் அனுப்பிய ஆளுநர்களிடம் பட்ட பாட்டில், 1776க்குப் பின் அமெரிக்க மாநிலங்கள் பலவும் ஆளுநரின் பல்லைப் பிடுங்கின. பல இடங்களில் அவரைச் சட்டசபையே தெரிவுசெய்தது, அதுவும் ஓராண்டுக்கு. பென்சில்வேனியா ஒருபடி மேலே போய் ஆளுநர் பதவியையே விட்டுவிட்டு ஒரு நிறைவேற்றுச் சபையை வைத்துக்கொண்டது. நீங்கள் மன்னர் காலத்து முறையையே பின்பற்றலாம்.

ஆளுநர் ஒருவர் நீண்டகாலம் இருந்தால் ஊர் பழகிவிடும், அடிக்கடி மாற்றுங்கள். ரோஹித போகொல்லாகம, எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாஹ், ஷான் விஜயலால் டி சில்வா, அனுராதா யஹம்பத், செந்தில் தொண்டமான், ஜயந்த லால் ரத்னசேகர என்று 2017க்கும் 2024க்கும் இடையில் உவர்மலையிலுள்ள ஆளுநர் செயலகம் ஆறு பேரைக் கண்டுவிட்டது. மூன்று சமூகங்களுக்கும் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. வாக்களிக்கும் வாய்ப்புத்தான் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

படி 4: பிரகடனம் செய்வோரிடம் எச்சரிக்கை

சபையில் ஆட்களை இருக்கவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் திருகோணமலையே சாட்சி. 1988இல் இணைந்த வடக்கு கிழக்கு மாகாண சபைக்கு 71 ஆசனங்கள். வடக்கின் 36க்கும் போட்டியே இல்லை. கிழக்கின் 35க்குத்தான் நவம்பர் 19ஆம் திகதி வாக்கெடுப்பு நடந்தது. முதலமைச்சர் அ. வரதராஜப்பெருமாள் 1990 மார்ச் 1ஆம் திகதி இங்கே சபையில் சுதந்திர ஈழப் பிரகடனத் தீர்மானத்தை முன்வைத்தார்.

பிரகடனம் எழுதுவதில் குறை சொல்ல முடியாது. காலம்தான் பிழைத்தது. அமெரிக்கர்கள் 1776இல் பிரகடனம் செய்தபின் அவர்களுக்குத் துணையாகப் பிரெஞ்சுக் கப்பற்படை வந்தது. இங்கே துணையாக இருந்த இந்தியப் படை புறப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் கடைசி அணி மார்ச் 24ஆம் திகதி இதே துறைமுகத்திலிருந்துதான் கப்பலேறியது. அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்திச் சபையைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தலைக் கிழக்கு கண்டது 2008 மே 10ஆம் திகதி.

வடக்கும் கிழக்கும் இணைந்தே இருப்பதா என்று கிழக்கு மக்களைக் கேட்க ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடந்திருக்கவேண்டும். அதை ஆண்டுதோறும் ஒத்திவைத்தார்கள். வாக்கெடுப்பு நடக்காமலே இணைப்பு 18 ஆண்டுகள் நீடித்தது. 2006 ஒக்டோபர் 16ஆம் திகதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது வாக்கெடுப்பு நடக்காமலே பிரிந்தும் போனது.

படி 5: தேர்தலைத் தடைசெய்யாதீர்கள், திருத்துங்கள்

தேர்தலைத் தடைசெய்தால் சர்வாதிகாரி என்பார்கள். சீர்திருத்தம் செய்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள். செய்முறை வருமாறு.

முதலில், வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்கும் நல்லதொரு சட்டமூலத்தைக் கொண்டுவாருங்கள். யார் எதிர்ப்பார்? குழுநிலை விவாதத்தில் அதற்குள் புதிய கலப்புத் தேர்தல் முறை முழுவதையும் செருகுங்கள். கிழக்கு மாகாண சபை முடிவதற்குப் பத்து நாள் முன்னர், 2017 செப்டெம்பர் 20ஆம் திகதி, இப்படித்தான் நிறைவேற்றினார்கள். புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணயக் குழுவை நியமியுங்கள். அறிக்கை வந்ததும் பாராளுமன்றத்தில் வையுங்கள். 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி அந்த அறிக்கைக்கு எதிராக 139 வாக்குகள் விழுந்தன, ஆதரவாக ஒன்றுமில்லை. கொண்டுவந்த அரசாங்கமும் எதிர்த்தே வாக்களித்தது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே பக்கம் நின்ற அரிய நாள் அது.

பிறகு அறிக்கையை மீளாய்வு செய்யப் பிரதமர் தலைமையில் ஐவர் குழு. காலக்கெடு இரண்டு மாதம். அறிக்கை வரவில்லை. பழைய முறையிலாவது தேர்தல் நடத்தலாமா என்று 2019இல் சனாதிபதி உச்ச நீதிமன்றத்தைக் கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. பழைய சட்டம் போய்விட்டது, புதிய சட்டம் வரவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் ஒன்பது மாகாணங்களிலும் இதே நிலை. கிழக்குக்கு அநீதி என்று இனி யாரும் சொல்ல முடியாது. சமத்துவம் இப்படியும் வரும்.

படி 6: முறைப்பாடுகளை நடக்கவிடுங்கள்

சபை இல்லாவிட்டாலும் மாகாணப் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் வீதிகளும் இருக்கும். மாகாண நிதியத்திலிருந்து செலவிட ஆளுநர் அனுமதி கொடுப்பார். சம்பளம் திகதி தவறாமல் வரும். ஆகவே எதுவும் நின்றுவிட்டதாக யாருக்கும் தோன்றாது.

வெருகல் பக்கம் இலங்கைத்துறை முகத்துவாரத்தில் ஒரு தாய், தன் பிள்ளையின் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் வேண்டும் என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். அதிபர் வலயத்தைக் கேட்கச் சொல்வார். வலயம் மாகாணத் திணைக்களத்தைக் காட்டும். திணைக்களம் அமைச்சின் செயலாளரைக் காட்டும். அந்த அமைச்சுக்கு அமைச்சர் இல்லை. செயலாளர் பிரதம செயலாளரை, பிரதம செயலாளர் ஆளுநரை. ஆளுநருக்கு மகஜர் கொடுத்தால் புன்னகையோடு வாங்கிக்கொள்வார்; படமும் எடுக்கலாம். அந்தத் தாயின் வாக்கால் பதவிக்கு வந்தவரோ, அந்த வாக்கை இழந்தால் பதவி போய்விடுமே என்று பயப்படுபவரோ இந்த வரிசையில் ஒருவரும் இல்லை. இந்த முறையின் வெற்றி முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

பழைய சபை உறுப்பினர்கள் உத்தமர்கள் என்று யாரும் சொல்லவில்லை. வாகனத்துக்கும் திறப்புவிழாவுக்கும் நேரம் செலவிட்டவர்கள் உண்டு. ஆனால் சந்தையில் மறித்துவைத்து ஏசலாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தோற்கடிக்கலாம். செயலாளரைத் தோற்கடிக்க வழியில்லை.

அடிக்கடி நேரும் தவறுகள்

இல்லாத சபைக்காக ஆளுநரே சம்மதம் கொடுப்பது. 2012இல், மாகாண சபை விடயங்களைத் தொட்ட திவிநெகும சட்டமூலத்துக்கு, சபையே இல்லாத வடக்கின் சார்பில் ஆளுநர் சம்மதித்தார். அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். தீர்ப்பளித்த அமர்வுக்குத் தலைமைதாங்கிய பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க, வேறு குற்றச்சாட்டுகளின் பேரில் 2013 ஜனவரியில் பதவி நீக்கப்பட்டார். எனினும் தீர்ப்பு அப்படியே இருக்கிறது, அவதானம்.

பிள்ளைகளைக் குடியியல் பாடத்தில் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை முழுமையாக வாசிக்கவிடுவது. தொடக்கப் பந்திகளின் அழகோடு நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குக் கீழே மன்னர் மூன்றாம் ஜோர்ஜ் மீதான குற்றப்பட்டியல் வருகிறது. மக்களின் சபைகளைத் திரும்பத் திரும்பக் கலைத்தார் என்பது ஒன்று. கலைத்தபின் நெடுங்காலம் தேர்தல் நடத்த மறுத்தார் என்பது அதற்கு அடுத்தது. அதைப் படித்த மாணவர் யாராவது எழுந்து கேள்வி கேட்டால், அடுத்த பாடத்துக்குப் போய்விடுங்கள்.

இந்த முறை எப்போது பழுதாகும்?

எளிதில் பழுதாகிவிடும், அதுதான் இதன் ஒரே பலவீனம். அரசியலமைப்பைத் தொடவேண்டியதில்லை, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டியதில்லை. 2017இன் மாற்றத்தை நீக்கிப் பழைய முறைக்குத் திரும்பும் சாதாரண சட்டத்திருத்தம் ஒன்று போதும். 225 பேரும் பாராளுமன்றத்துக்கு வந்தாலும் 113 கைகள் உயர்ந்தால் முடிந்தது. 2024 பாராளுமன்றத் தேர்தலில் ஒரே கட்சிக்கு 159 ஆசனங்கள் கிடைத்தன. ஆகவே எண்ணிக்கை போதவில்லை என்ற சாட்டை மட்டும் பாவிக்காதீர்கள். கணித ஆசிரியர் இல்லாத பாடசாலைப் பிள்ளைக்கும் அந்தக் கழித்தல் தெரியும்.