அசல் நிலைக்குத் திரும்புதல் தொடர்பாக

மன்னார்த் தீவிலிருந்து,

வாகனங்களின் அசல் நிலையைக் காத்துவரும் பெரிய ஐயா அவர்கட்கு,

உறையில் தங்கள் அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. எந்தப் பெயரை எழுதினாலும் கடிதம் வேறொரு கருமபீடத்துக்குத்தான் போகும் என்பது என் அனுபவம். ஆகவே இது போய்ச் சேரும் கதிரையில் யார் இருக்கிறாரோ அவரே பெரிய ஐயா.

என்னிடம் ஒரு பழைய லாண்ட் றோவர் இருக்கிறது. அண்மையில் அதைப் பரிசோதித்த உத்தியோகத்தர் ஒருவர், கால் மணித்தியாலம் அடியில் குனிந்து பார்த்துவிட்டு எழும்பி, "இதில எது அண்ணை அசல்?" என்று கேட்டார். நம்பர் பிளேற்றைக் காட்டினேன். தட்டிப் பார்த்தார். பிஸ்கற் தகரச் சத்தம் கேட்டது. "வாகனத்தை 14 நாட்களுக்குள் அசல் நிலைக்குக் கொண்டுவரவும்" என்று எழுதித் தந்துவிட்டுப் போனார்.

நான் சட்டத்துக்குப் பயந்தவன். அன்றிரவே அசல் நிலையைத் தேடத் தொடங்கினேன். தேடிய இடத்தில் கிடைத்தது இது. 1947ஆம் ஆண்டு, வேல்ஸில் ஆங்கிள்சி என்ற தீவு. றோவர் கொம்பனியின் தலைமைப் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸுக்கு அங்கே ஒரு தோட்டம். தோட்ட வேலைக்கு அவர் வைத்திருந்தது யுத்தம் கழித்துவிட்ட ஒரு வில்லிஸ் ஜீப். அது ஓடித் தேய்ந்தபோது, அதற்குப் பதிலாக ஒரு வண்டியைக் கடற்கரை மணலிலேயே கீறிக் காட்டினாராம். முதல் மாதிரி வண்டியை ஒரு ஜீப்பின் சட்டத்தின் மேல்தான் கட்டினார்கள். ஸ்ரேறிங் நடுவில் இருந்தது. இரும்புக்குப் பங்கீடு என்பதால் உடம்பை அலுமினியத்தில் அடித்தார்கள். பச்சை நிறம்கூட விமானங்களுக்குப் பூசி மிஞ்சிய மை. 1948 ஏப்ரலில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் வைத்தபோது அதற்கு லாண்ட் றோவர் என்று பெயர்.

ஆக, என் வண்டியின் அசல் நிலை என்பது, பாலத்தால் கரையோடு இணைந்த ஒரு தீவில், தட்டுப்பாட்டுக் காலத்தில், ஒருவர் இன்னொரு கொம்பனியின் ஜீப்பில் கைவைக்கத் துணிந்தது. மொறிஸ் வில்க்ஸ் அந்த வேலையை எங்கள் தீவின் பேசாலையில் செய்திருந்தால் அவருக்கும் 14 நாள் கிடைத்திருக்கும். நான் எதுவரைக்கும் திரும்பிப் போக வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்தி உதவுக. ஸ்ரேறிங்கை நடுவுக்குக் கொண்டுபோவதானால் கூலி கூட.

இனி, உத்தியோகத்தர் முகம் சுளித்த இன்னொரு சாமான், ஒரு சேலைன் குழாய். பின் அச்சிலிருந்து மேலே ஏறி ஆசனத்துக்குப் பின்னால் முடிகிறது. தார் றோட்டில் தலைமன்னார்வரை ஓடி வந்த வண்டியின் டிபரன்ஷியல் சுடச்சுட இருக்கும். அந்தச் சூட்டோடு கடல்தண்ணிக்குள் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்றுச் சட்டென்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப அது எதையாவது உறிஞ்சும், பக்கத்தில் இருப்பது கடல். மூச்சுத்துளை தண்ணிக்குக் கீழே இருந்தால் உப்புத்தண்ணி உள்ளே போய், ஒயில் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். பிறகு பல்லுச் சில்லுகள் ஒவ்வொன்றாக அரைபடும். மூச்சுத்துளையில் ஒரு குழாயைச் செருகி உயரத்தில் கட்டிவிட்டால் காரியம் முடிந்தது. செலவு, ஆஸ்பத்திரியில் தெரிந்த ஒருவருக்கு ஒரு சிரிப்பு. குழாய் கொஞ்சக் காலத்தில் மஞ்சளித்து இறுகும், மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் சேலைன் சாமான்களை வாகனத்துக்குப் பாவிக்க எங்களுக்கு யார் பழக்கியது? ஐயா வருத்தப்படக்கூடாது, அரசாங்கம்தான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. யாழ்ப்பாணத்திலும் வன்னிப் பக்கத்திலும் பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றரி இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் எப்படியோ கிடைத்தது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. ஆகவே சேலைன் போத்தலில் மருந்துபோல வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். வெள்ளைப் புகையும் அடுப்படி மணமுமாக ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் கலியாண வீட்டுக்கும் போயின, செத்த வீட்டுக்கும் போயின. தாங்கி ஒழுகினால் சவர்க்காரம் அப்பினோம். றேடியேற்றர் ஒழுகினால் மஞ்சள்தூள் போட்டோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டோம். இவ்வளவு நீண்ட தொழில்நுட்பப் பயிற்சியை இலவசமாக நடத்திய அரசு, சான்றிதழை மட்டும் தர மறந்துவிட்டது. இப்போது தண்டச் சீட்டாக வருகிறது.

மறுபயிற்சியும் நடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினீர்கள். தனியார் வாகனங்களுக்கு அது திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் கியூஆர் குறியீட்டைக் காட்டி, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல் வாங்கினோம். ஐந்து வருடம் புது வண்டி வராத நாட்டில் பழைய வண்டி எப்படி ஓடியது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓடிய பிறகுதான் கேட்கிறார்கள்.

2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டியிருந்த மேலதிகச் சாமான்களைக் கழற்றத் தொடங்கியபோது நான் கைதட்டினேன் என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். எதிரே வருபவனின் கண்ணைப் பறிக்கும் லைற்றும், குழந்தையை எழுப்பும் ஹோர்னும் திருத்த வேலை அல்ல, திமிர். பிறேக் குழாயைக் கம்பியால் கட்டி ஓடுபவனை நானே பிடித்துத் தருகிறேன். ஆனால் மணலில் புதையாமல் இருக்கச் செய்ததையும் படம் காட்டச் செய்ததையும் ஒரே பெட்டிக்குள் சரி போடும் படிவத்தை யார் அச்சடித்தது?

இந்த நாட்டில் கைவைத்துத் திருத்துவது அவ்வளவு கேவலமான வேலையும் அல்ல. ஊரெல்லாம் ஓடிய லாண்ட்மாஸ்ரர் இரட்டைச் சில்லு உழவு இயந்திரத்தை ஐம்பதுகளில் வடிவமைத்தவர் ரே விஜேவர்தன. பிற்காலத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். பட்டம் கொடுத்த கை, நட்டு முறுக்கிய கை.

அசல் நிலையில் இருக்கும் வாகனம் ஒன்று தீவில் உண்டு. மன்னார்க் கழுதை. நாலு காலும் தனித்தனியே இழுக்கும், மணலில் புதையாது, புகை இல்லை, தலைமுறைகளாக ஒரு மாற்றமும் செய்யவில்லை. றோட்டின் நடுவில் நின்றால் உங்கள் வாகனத்துக்கும் வழிவிடாது. அனுமதிப்பத்திரம் கேட்டு அதை நிறுத்திய உத்தியோகத்தர் எவரையும் நான் இதுவரை காணவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 14 நாள் முடிவதற்குள் ஐயாவே ஒருமுறை வாருங்கள். 2010இல் திறந்த பாலத்தால் சுகமாகத் தீவுக்குள் வரலாம். பாலத்துக்கு முன்னால் வங்காலைப் பக்க நீரேரியில், காலத்துக்கு வந்தால், பூநாரைகள் நிற்கும். சேற்றில் அவை ஏன் புதைவதில்லை என்று பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உருமலைக் கரை மணலில் இறங்கமுன் ரயர்க் காற்றை 30 இறாத்தலிலிருந்து 15க்கு இறக்குங்கள். ரயர் நீண்டு பரந்து அதே பாதம்போல நிற்கும். சடுதியாகப் பிறேக் பிடிக்க வேண்டாம். புதைந்தால் அக்சிலேற்றரை மிதிக்கவே வேண்டாம், கிணறு தோண்டும். பனைமட்டை தருகிறோம்.

திரும்பித் தார் றோட்டில் ஏறியதும் காற்றை மறுபடி நிரப்ப வேண்டும். அதற்கு என் வண்டியில் ஏற்பாடு இருக்கிறது. கழித்த வான் ஒன்றின் ஏசி கொம்பிரசரை எஞ்சின் பெல்ற்றில் பூட்டி வைத்திருக்கிறேன். உத்தியோகத்தர் முதலில் கழற்றச் சொன்னது அதைத்தான். நீங்கள் வந்து போகும்வரை கழற்றவில்லை.

இப்படிக்கு,
பணிவுடன்,
தீவில் ஒரு லாண்ட் றோவர்க்காரன்